திறமூல போனுக்கு மாறுவது எப்படி: வசதிகளை விடுவதில் தொடங்கி ஃபிளாஷ் செய்வது வரை

திறமூல இயங்குதளத்துக்கு (மூல நிரலை யாரும் பார்க்கக்கூடிய இயங்குதளத்துக்கு) மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் நேராக நிறுவும் பக்கத்தைத்தான் திறக்கிறார்கள். ஃபிளாஷ் செய்யும் வேலை, அதாவது புதிய இயங்குதளத்தைப் போனில் எழுதுவது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தலைவலி மறுநாள் காலையில்தான் ஆரம்பிக்கிறது. வங்கிச் செயலி திறக்காது, அறிவிப்புகள் வராது, படங்களில் பாதியைக் காணோம். இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய இயங்குதளத்துக்கே திரும்பிவிடுவார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களில் பின்வாங்கிய எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் பின்வாங்கினார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டியில் ஃபிளாஷ் செய்வது ஏழாவது படியாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஆறு படிகளையும் இப்போது கையில் இருக்கும் போனிலேயே செய்யலாம். அதில் எங்காவது நின்றுவிட்டால்கூட நஷ்டமில்லை, அதுவரை செய்ததன் பலன் கையில் இருக்கும்.

முன்கூட்டியே தேவைப்படுபவை: ஒரு கணினி, தரவு கடத்தும் யூஎஸ்பி கேபிள், சிம் கார்டு, இரண்டு மூன்று வாரப் பொறுமை. பழைய போனை உடனே விற்றுவிட வேண்டாம்.

## 1. யாரிடமிருந்து எதைக் காக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

நான்கு வரி போதும். இதைத் தவிர்த்தவர்கள் பின்னால் எந்த வசதியை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு செயலியிலும் தடுமாறுகிறார்கள்.

மாறுவதால் கிடைப்பது இது. வழக்கமான ஆண்ட்ராய்டு போனில் கூகுள் பிளே சேவைகள் சிஸ்டத்தின் அங்கமாக, மற்ற செயலிகளுக்கு இல்லாத சிறப்பு அனுமதிகளோடு ஓடுகின்றன. போன் தயாரித்தவர் ஏற்றிவைத்த செயலிகளில் சிலவற்றை நீக்கவே முடியாது. திறமூல இயங்குதளத்தில் இவை இருக்காது, அல்லது நீங்கள் விரும்பினால் மட்டும் சாதாரணச் செயலியாக உள்ளே வரும். என்ன ஓட வேண்டும் என்பது உங்கள் முடிவு.

கிடைக்காததையும் தெரிந்துகொள்ளுங்கள். சிம் போட்ட எந்த போனும் எந்தக் கோபுரத்தோடு பேசுகிறது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் அவர்கள் வழியாகத்தான் போகின்றன. நெட்வொர்க்கோடு பேசும் பாகமான மோடத்துக்குள் ஓடும் மென்பொருள் மூடியதாகவே இருக்கும், இயங்குதளத்தை மாற்றுவது அதைத் தொடாது. எல்லாம் மாற்றிய பிறகு பழைய சமூக வலைதளக் கணக்கில் நுழைந்தால், அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் அதே ஆள்தான்.

விளம்பரக் கண்காணிப்பைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் பாதி வேலை 3ஆம் படியிலேயே முடிந்துவிடும். போன் தொலைந்தாலோ பிடுங்கப்பட்டாலோ உள்ளே இருப்பது வெளியே வரக்கூடாது என்றால், 4ஆம் படியில் போன் தேர்வு ரொம்பக் கறாராக இருக்க வேண்டும். தயாரிப்பாளர் கைவிட்ட போனை இன்னும் இரண்டு வருடம் ஓட்ட வேண்டும் என்பதும் நியாயமான நோக்கம்தான். அதற்கு வேறு இயங்குதளம் பொருந்தும்.

## 2. செயலிகளைப் பட்டியல் போட்டு நான்காகப் பிரியுங்கள்

போனில் இருக்கும் எல்லாச் செயலிகளையும் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறிப்பு போடுங்கள்: மாற்று உண்டு, உலாவியிலேயே முடியும், விட்டுவிடலாம், இது இல்லாமல் முடியாது.

நான்காவது வகைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வழக்கமாக அதில் வருபவை வங்கிச் செயலிகள், அரசு அடையாளச் செயலிகள், அலுவலகம் கட்டாயப்படுத்தும் செயலிகள், கடையில் போனைத் தட்டிப் பணம் கட்டும் வசதி. இவை ஏன் அடம் பிடிக்கின்றன என்று தெரிந்தால் வீண் முயற்சிகள் மிச்சமாகும்.

பல செயலிகள் திறக்கும்போதே பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையைக் கேட்கின்றன. இந்தப் போனில் கூகுள் சான்றளித்த இயங்குதளம்தான் ஓடுகிறதா என்று கூகுளின் சேவையகம் பதில் சொல்லும். அடிப்படை, சாதனம், வலுவானது என்று அந்தப் பதிலில் படிகள் உண்டு. செயலியை எழுதியவர் அடிப்படை நிலை போதும் என்று விட்டிருந்தால் உங்கள் போனிலும் ஓடலாம். சாதன நிலையைக் கட்டாயமாக்கியிருந்தால், பாதுகாப்பில் பழைய போனைவிட மேலான இயங்குதளமாக இருந்தாலும் கதவு திறக்காது. சான்று இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. பாதுகாப்பை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

போனைத் தட்டிப் பணம் கட்டும் கூகுள் வசதி வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வங்கிச் செயலிகள் கலவையாக இருக்கும். ஒரே வங்கியின் செயலி இந்த மாதம் திறந்து, அடுத்த புதுப்பித்தலில் மறுக்கக்கூடும். எனவே "இப்போது ஓடுகிறது" என்ற ஒருவரின் சாட்சியத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு வங்கிக்கும் இரண்டாவது வழி ஒன்றைப் பட்டியலில் எழுதுங்கள்: வங்கியின் இணையதளம், ஓடிபி எஸ்எம்எஸ், கார்டு, அல்லது அலமாரியில் வைத்திருக்கும் பழைய போன்.

பழைய போனை வங்கிக்கென்றே வீட்டில் வைத்துக்கொள்வதை அரைகுறை வேலை என்று சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாள் முழுக்கச் சட்டைப்பையில் சுமக்கும் போனிலிருந்து மூன்று செயலிகள் போனாலே நிறைய மாறும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்தப் போனுக்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல் இன்னும் வருகிறதா? நின்றுபோயிருந்தால் அதில் வங்கிக் கணக்கு வேண்டாம்.

ரூட் செய்து (சிஸ்டத்தின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றி) சோதனையை ஏமாற்றலாம் என்று காணொளிகள் சொல்லும். செய்யாதீர்கள். ஏமாற்றும் வழியை அவர்கள் அடைப்பார்கள், நீங்கள் புதியதைத் தேடுவீர்கள், இது முடியாத ஓட்டம். அதைவிட முக்கியமாக, ரூட் அனுமதி போனின் பாதுகாப்பு அடுக்குகளையே ஓட்டையாக்கும். எதற்காக மாறுகிறோமோ அதையே விற்றதாகிவிடும்.

## 3. பழைய போனிலேயே பழகுங்கள்

புதியவர்கள் தவறவிடும் படி இதுதான். இயங்குதளமும் செயலிகளும் ஒரே நாளில் மாறினால், எரிச்சல் எதனால் வந்தது என்று பிரித்தறியவே முடியாது. பழகிய போனில் செயலிகளை ஒவ்வொன்றாக மாற்றினால் எது ஒத்துவரவில்லை என்பது தெளிவாகத் தெரியும்.

எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிக் கிடங்கை நிறுவுங்கள். பிறகு இரண்டு நாளுக்கு ஒரு செயலி என்ற கணக்கில் மாற்றுங்கள். நான் சொல்லும் வரிசை: உலாவி, இருபடிச் சரிபார்ப்புச் செயலி, குறிப்பேடு, நாள்காட்டி, வரைபடம், கடைசியாக விசைப்பலகை. அடிக்கடி தொடுவது கடைசியில் வரட்டும். அதை முதலில் மாற்றினால் எரிச்சலில் எல்லாவற்றையும் விட்டுவிடத் தோன்றும்.

விசைப்பலகை கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கும் செயலி அது. ஹெலிபோர்டு என்ற திறமூல விசைப்பலகை இணைய அனுமதியே கேட்காமல் இயங்குகிறது, தனியுரிமைக்கு இதைவிட நல்ல அறிகுறி கிடையாது. ஆனால் விரலை எடுக்காமல் இழுத்துத் தட்டச்சு செய்யும் வசதிக்கு, மூடிய மூலம் கொண்ட ஒரு நிரலகத்தை நீங்களே தேடி ஏற்ற வேண்டும். பேசினால் தமிழில் எழுதிக்கொள்ளும் வசதியும் போய்விடும். குரலிலேயே செய்தி எழுதிப் பழகியவருக்கு இது பெரிய இழப்பு. உங்களுக்குப் பழக்கமான தமிழ் எழுத்து வரிசை அதில் இருக்கிறதா என்று பார்த்து, அதை மட்டும் வைத்து ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்எம்ஆண்ட். இரண்டும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கிவைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே வழி காட்டும். ஆர்கானிக் மேப்ஸில் நேரடிப் போக்குவரத்து நெரிசல் தெரியாது. கடை திறந்திருக்கிறதா, வீட்டு எண் எங்கே என்பதெல்லாம் தன்னார்வலர்கள் எவ்வளவு பதிந்திருக்கிறார்களோ அவ்வளவுதான். தினமும் போகும் மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அதை நீங்களே சேர்க்கலாம், அது வேறு சந்தோஷம்.

எல்லாம் மாற்றிய பிறகு ஒரு பரீட்சை. கூகுள் பிளே சேவைகளை முடக்க உங்கள் போன் அனுமதித்தால், ஒரு விடுமுறை நாளில் முடக்கிவைத்துப் பாருங்கள். எந்தச் செயலி கத்துகிறது, எது அமைதியாக அறிவிப்பை நிறுத்திக்கொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாறிய பிறகு வரப்போகும் வாழ்க்கையின் மாதிரி அது.

## 4. போனைத் தேர்ந்தெடுங்கள்

இருக்கும் போனிலேயே போடலாமா, வேறு வாங்க வேண்டுமா என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்யும்.

முதலாவது, பூட்லோடரைத் திறக்க முடிய வேண்டும். போன் இயங்கத் தொடங்கும்போது எந்த இயங்குதளத்தை ஏற்பது என்று தீர்மானிக்கும் நிரல் அது. சில தயாரிப்பாளர்கள் திறக்கவே விடுவதில்லை, ஹுவாவே 2018இல் திறவுக் குறியீடு கொடுப்பதையே நிறுத்திவிட்டது. சாம்சங் போன்களில் திறந்தால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அடையாளம் நிரந்தரமாக மாறிவிடும், பழைய இயங்குதளத்துக்குத் திரும்பினாலும் அதைச் சார்ந்த சில வசதிகள் திரும்ப வராது.

இரண்டாவது, திறந்த பூட்லோடரை உங்கள் இயங்குதளத்தின் சாவியோடு (அது அசல்தானா என்று சரிபார்க்க உதவும் டிஜிட்டல் சாவி) மறுபடி பூட்ட முடிய வேண்டும். திறந்தே கிடந்தால், போன் சிறிது நேரம் கைமாறினாலும் யாராவது சிஸ்டத்தை மாற்றி எழுத இடம் உண்டு. பிக்சலிலும் ஃபேர்போனிலும் இப்படிப் பூட்டலாம். பெரும்பாலான மற்ற போன்களில் முடியாது.

மூன்றாவது, மீதமிருக்கும் புதுப்பித்தல் காலம். பிக்சல் 8 தொடங்கி 7 ஆண்டுகள் என்று கூகுள் உறுதி தந்திருக்கிறது. அந்தக் கணக்கு மாடல் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து கிடையாது. 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்கு 2030 வரை. பழைய மாடலை மலிவாக வாங்கும்போது இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள்.

கூகுளிடமிருந்து விலக கூகுள் போனையே வாங்குவதா என்று எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மாற்று இயங்குதளத்தை இவ்வளவு முறையாக அனுமதிக்கும் வன்பொருள் இப்போதைக்கு அங்கேதான் இருக்கிறது.

பழைய போன் வாங்குவதானால், காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் பில்டு எண்ணை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தோன்றும். போனை இணையத்தில் இணைத்துவிட்டு, அங்கே ஓஇஎம் அன்லாக்கிங் என்ற பொத்தானைத் தொடுங்கள். நகர்ந்தால் நல்லது. சாம்பல் நிறத்தில் உறைந்து நின்றால் வாங்காதீர்கள். "எந்த சிம்மும் போடலாம், அன்லாக் போன்தான்" என்று விற்பவர் சொல்வது சிம் பூட்டைப் பற்றி. பூட்லோடர் பூட்டு முற்றிலும் வேறு. தொலைத்தொடர்பு நிறுவனம் விற்ற சில போன்களில் சிம் பூட்டு போனாலும் பூட்லோடர் பூட்டு போகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாந்தவர்கள் ஏராளம்.

லினக்ஸையே ஓட்டும் போன்கள் தனி ரகம். லிப்ரெம் 5இல் மைக்கையும் கேமராவையும் மோடத்தையும் மின்சாரத்திலிருந்தே துண்டிக்கும் விசைகள் வெளியே இருக்கின்றன. பைன்போனில் அவை பின்மூடிக்குள். சுதந்திரத்தின் உச்சம் இதுதான், வசதிக் குறைவின் உச்சமும் இதுவே. பேட்டரி, கேமரா, அழைப்பு மூன்றிலும் சகித்துக்கொள்ள வேண்டியது நிறைய. ஆசை இருந்தால் இரண்டாவது போனாக வாங்குங்கள்.

எந்த வழியானாலும் ஒன்றைச் சோதியுங்கள்: உங்கள் நெட்வொர்க்கில், அந்த மாடலில், அந்த இயங்குதளத்தில் வோல்ட்டி அழைப்பு (4ஜி வழியாகவே போகும் குரல் அழைப்பு) போகிறதா? பல இடங்களில் 2ஜி, 3ஜி சேவைகள் மூடப்படுகின்றன. வோல்ட்டி இல்லாவிட்டால் இணையம் ஓடும், அழைப்பு போகாது. அவசர எண்ணுக்குக்கூட.

## 5. இயங்குதளத்தை முடிவு செய்யுங்கள்

முதல் படியில் எழுதிய நான்கு வரியை இப்போது எடுங்கள்.

பாதுகாப்பு முதன்மை, பிக்சல் இருக்கிறது என்றால் கிராஃபீன்ஓஎஸ். தேவைப்பட்டால் கூகுள் பிளே சேவைகளைச் சிறப்பு அனுமதி எதுவும் இல்லாத சாதாரணச் செயலியாகப் போட்டுக்கொள்ளலாம். வங்கிச் செயலி ஓடும் வாய்ப்பும் பெரும்பாலும் இதில்தான் அதிகம்.

கூகுள் பிளே சேவைகள் போனுக்குள் வரவே கூடாது, ஆனாலும் செயலிகள் ஓரளவு ஓட வேண்டும் என்றால் /இ/ஓஎஸ். பிளே சேவைகளின் இடத்தில் மைக்ரோஜி என்ற திறமூல மாற்று இருக்கும். சில செயலிகள் அதை ஏற்கும், சில முரண்டு பிடிக்கும்.

கைவிடப்பட்ட போனுக்கு உயிர் கொடுக்க லீனியேஜ்ஓஎஸ். ஆதரிக்கும் மாடல்கள் மிக அதிகம். ஆனால் ஆண்ட்ராய்டு பகுதிக்குத்தான் புதுப்பித்தல் வரும். தயாரிப்பாளர் நிறுத்திய பிறகு மோடம் போன்றவற்றின் ஃபர்ம்வேர் (பாகங்களுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) ஓட்டைகளை வேறு யாராலும் அடைக்க முடியாது.

## 6. பேக்கப் எடுங்கள், திறந்தும் பாருங்கள்

பூட்லோடரைத் திறந்தால் போனில் உள்ள அனைத்தும் அழியும். மறுபடி பூட்டும்போதும் அழியும். எனவே இடையில் எதையும் ஏற்றிவைக்காதீர்கள்.

படங்கள்: கேலரியில் தெரிவதெல்லாம் போனில் இருப்பதாக நினைக்காதீர்கள். இடத்தைக் காலி செய்யும் பொத்தானை எப்போதோ அழுத்தியிருந்தால், உண்மைப் படம் மேகக் கணக்கில் மட்டும்தான் இருக்கும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மூன்று வருடத்துக்கு முந்தைய படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலாகவே நின்றால், கூகுள் டேக்அவுட் வழியாக முழுவதையும் கணினிக்கு இறக்குங்கள். அந்தக் கோப்புகள் தயாராக நேரம் எடுக்கும், அதனால் சில நாள் முன்பே கேட்டுவையுங்கள்.

இருபடிச் சரிபார்ப்புக் குறியீடுகள்: ஏஜிஸ் போன்ற செயலிக்கு மாறி, மறைகுறியாக்கிய கோப்பாக ஏற்றுமதி செய்து கணினியில் வையுங்கள். கூகுள் கணக்கின் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதுங்கள். உள்நுழைய "உங்கள் போனில் ஆம் என்று தட்டுங்கள்" என்று அது கேட்கும்போது, அந்தப் போன் அழிந்துபோயிருக்கும்.

வாட்ஸ்அப்: கூகுள் டிரைவில் இருக்கும் நகல் கூகுள் இல்லாத போனில் உதவாது. போனுக்குள் எடுக்கும் நகலைப் புதிதாக எடுத்து, ஆண்ட்ராய்டு கோப்புறைக்குள் மீடியா கோப்புறையில் இருக்கும் வாட்ஸ்அப் கோப்புறையை அப்படியே கணினிக்கு நகலெடுங்கள். நகலுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அதுவும் நினைவில் இருக்க வேண்டும்.

தொடர்புகள், நாள்காட்டி, எஸ்எம்எஸ் மூன்றையும் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். இசிம் வைத்திருந்தால், அழிந்தால் மறுபடி எப்படிப் பெறுவது என்று தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள். முடிந்தால் இந்த நாட்களுக்குச் சாதாரண சிம்மே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கணினியில் அந்தக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பூஜ்யம் அளவில் கிடக்கும் தொடர்புக் கோப்பை அழித்த பிறகு கண்டுபிடிப்பதில் பயனில்லை.

## 7. ஃபிளாஷ் செய்யுங்கள்

முதலில் பழைய இயங்குதளத்தின் எல்லாப் புதுப்பித்தல்களையும் ஏற்றுங்கள். ஃபர்ம்வேர் பழையதாக இருந்தால் நிறுவும்போது விசித்திரமான பிழைகள் வரும். அப்புறம் போனிலிருந்து கூகுள் கணக்கை நீக்குங்கள், இல்லாவிட்டால் அழித்த பிறகு பழைய கணக்கைக் கேட்கும் திருட்டுத் தடுப்புப் பூட்டில் மாட்டும் வாய்ப்பு உண்டு.

கேபிளைப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் கணினி போனைக் காணவே காணாது. யூஎஸ்பி ஹப் வேண்டாம், கணினியில் நேரடியாகச் செருகுங்கள். "போன் தெரியவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டும்தான். விண்டோஸில் டிரைவர் (போனோடு பேசக் கணினிக்கு உதவும் நிரல்) மூன்றாவது காரணம்.

கிராஃபீன்ஓஎஸ்ஸை உலாவியிலிருந்தே நிறுவலாம். குரோமியம் வகை உலாவி வேண்டும், ஃபயர்பாக்ஸில் முடியாது. லினக்ஸில் ஃபிளாட்பேக் அல்லது ஸ்னாப் வடிவில் போட்ட உலாவியும் உதவாது, அது யூஎஸ்பியைத் தொட முடியாமல் நிற்கும். மறைநிலைச் சாளரத்தையும் தவிருங்கள்.

ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்கி, போனை மறுதொடக்கம் செய்யும்போது ஒலி குறைக்கும் பொத்தானைப் பிடித்துக்கொண்டால் பூட்லோடர் திரை வரும். கேபிளை இணையுங்கள். நிறுவும் பக்கத்தில் திறக்கும் பொத்தானை அழுத்தினால் போன் திரையில் கேள்வி வரும், ஒலிப் பொத்தானால் நகர்த்தி பவர் பொத்தானால் உறுதி செய்ய வேண்டும். திரையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. பலர் இங்கே போன் உறைந்துவிட்டதாக நினைத்துக் கேபிளைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

பிறகு இறக்குவது, எழுதுவது. எழுதும்போது போன் தானாகவே சில முறை மறுதொடக்கம் ஆகும். முடிந்தது என்று பக்கம் சொல்லும்வரை கை வைக்காதீர்கள்.

முடிந்ததும் பூட்டுங்கள். கிராஃபீன்ஓஎஸ்ஸில் இது கட்டாயப் படி. பூட்டினால்தான் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சிஸ்டம் மாற்றப்படவில்லை என்று போன் தன்னைத் தானே சரிபார்க்கும். உள்ளே போனதும் ஓஇஎம் அன்லாக்கிங்கை மறுபடி அணைத்துவிடுங்கள்.

தொடங்கும்போது மஞ்சள் நிற எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம், வேறு சாவியால் பூட்டப்பட்ட இயங்குதளம் என்பதுதான் அதன் பொருள். அங்கே தெரியும் நீண்ட எழுத்துத் தொடரை, உங்கள் மாடலுக்கு இயங்குதளத்தின் தளத்தில் வெளியிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். ஆரஞ்சு வந்தால் பூட்டவில்லை என்று அர்த்தம். சிவப்பு வந்தால் ஏதோ கெட்டிருக்கிறது.

லீனியேஜ்ஓஎஸ்ஸில் கதை வேறு. ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பக்கம், தனிக் குறிப்பெயர். ஒரே பெயரில் வெவ்வேறு சில்லோடு விற்கப்படும் போன்கள் உண்டு, பெயர் ஒத்துப்போகிறது என்று நம்பாமல் மாடல் எண்ணைப் பாருங்கள். கூகுள் சேவைகள் வேண்டுமென்றால் முதல் முறை தொடங்குவதற்கு முன்பே ரிகவரியிலிருந்து (இயங்குதளம் தொடங்காமலே திறக்கும் பராமரிப்புத் திரை) ஏற்ற வேண்டும், பிறகு ஏற்றினால் செயலிகள் விழுந்துகொண்டே இருக்கும். அந்த மாடலின் பக்கம் தெளிவாகச் சொன்னாலொழிய பூட்லோடரை மறுபடி பூட்டாதீர்கள். பூட்டினால் போன் எழாமலே போகலாம்.

ஃபேர்போன் வைத்திருப்பவர்கள் பூட்டுவதற்கு முன் பாதுகாப்புப் புதுப்பித்தல் தேதியைப் பாருங்கள். முன்பு இருந்த சிஸ்டத்தைவிடப் பழைய தேதி கொண்டதைப் போட்டுப் பூட்டினால், பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் ஏற்பாடு போனை நிறுத்திவிடும்.

## 8. முதல் நாள்: குறைவாகப் போடுங்கள்

முதலில் திரைப்பூட்டு, அடுத்து சிஸ்டம் புதுப்பித்தல். அதன் பிறகு 3ஆம் படியில் பழகிய செயலிகளை மட்டும் ஏற்றுங்கள்.

பழைய போனில் இருந்த எல்லாவற்றையும் மாலைக்குள் திரும்ப ஏற்றிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கூகுள் சேவைகளையும் போட்டு, பழைய கணக்கில் நுழைந்து, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டு, என்ன மாறியது என்று கேட்பார்கள். தேவை என்று நினைத்த செயலியை நான்கு நாள் போடாமல் இருங்கள். அதற்குள் ஒரு முறையாவது தேடினீர்களா என்று பாருங்கள்.

கூகுள் சேவைகள் இல்லாமல் ஓடாத செயலிகளைத் தனிப் பயனர் சுயவிவரத்தில் வையுங்கள். அங்கே பிளே சேவைகளைப் போட்டாலும் முதன்மைச் சுயவிவரத்தின் கோப்புகளும் தொடர்புகளும் அவற்றின் கண்ணில் படாது. வேலை முடிந்து அந்தச் சுயவிவரத்தின் அமர்வை முடித்தால் உள்ளே இருப்பவை ஓடுவதும் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் மாறிப் போக வேண்டியது இதற்கான விலை. தினமும் இருபது முறை திறக்கும் செயலியை அங்கே வைத்தால் ஒரு வாரத்தில் வெறுத்துவிடும்.

கிராஃபீன்ஓஎஸ்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் இணைய அனுமதியையே மறுக்கலாம். கேலரி, கால்குலேட்டர், விசைப்பலகை எதற்கும் இணையம் எதற்கு? நிறுவும்போதே அணைத்துவிடுங்கள். தொடர்புகளைக் கேட்டு அடம்பிடிக்கும் அரட்டைச் செயலிக்கு முழுப் பட்டியலைக் கொடுக்காமல், தேர்ந்தெடுத்த பெயர்களை மட்டும் காட்டும் வசதியும் உண்டு. மற்றவர்கள் செய்தி அனுப்பினால் பெயருக்குப் பதில் எண்தான் தெரியும்.

## 9. அறிவிப்பும் இருப்பிடமும்

"செய்தி தாமதமாக வருகிறது" என்ற புகார் கட்டாயம் வரும். வழக்கமான போனில் எல்லாச் செயலிகளும் கூகுளின் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொண்டு அறிவிப்பு பெறுகின்றன. அது இல்லாதபோது, ஒவ்வொரு செயலியும் தானே இணைப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சிக்னல் என்ற அரட்டைச் செயலி அப்படிச் செய்யும், பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அந்த ஏற்பாடு இல்லாத செயலிகள் நீங்கள் திறக்கும்வரை மௌனம்தான்.

அறிவிப்பு அவசியமான செயலிகளுக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். எல்லாவற்றுக்கும் நீக்கினால் மதியத்துக்குள் சார்ஜ் தீரும். யூனிஃபைட்புஷ் என்ற திறமூல அறிவிப்பு முறையை ஏற்கும் செயலிகள், என்டிஎஃப்ஒய் போன்ற ஒரு செயலியின் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும். சிக்னலின் கிளையான மாலியில் இதற்கு வழி உண்டு.

இருப்பிடம் முதல் முறை மெதுவாகக் கிடைக்கும். சுற்றியுள்ள வைஃபை பெயர்களை வைத்து நொடியில் இடத்தை ஊகிக்கும் சேவை இல்லாதபோது, போன் செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருக்கிறது. ஒரு செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறை ஒலிபரப்புகிறது, இடையில் சிக்னல் அறுந்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். அறைக்குள் உட்கார்ந்து சோதித்துவிட்டு ஜிபிஎஸ் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். வெளியே வானம் தெரியும் இடத்தில் சில நிமிடம் நில்லுங்கள்.

## 10. ஒரு மாதம் கழித்து

பட்டியலை மறுபடி எடுங்கள். ‘இது இல்லாமல் முடியாது’ என்ற நான்காவது வகையில் இருந்தவற்றில் சில வேறு வகைக்கு இறங்கியிருக்கும். பழைய போன் இன்னும் எதற்குத் தேவைப்படுகிறது என்று பாருங்கள். அதற்கு வேலையே இல்லை என்றால், அழித்துவிட்டு யாருக்காவது கொடுக்கலாம்.

ஒத்துவரவில்லை என்றால் திரும்புவதிலும் வரிசை முக்கியம். பிக்சலில் மறுபடி பேக்கப் எடுத்து, ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்கி, பூட்லோடரைத் திறந்து, கூகுளின் உலாவிவழி ஃபிளாஷ் கருவியால் பழைய இயங்குதளத்தை எழுதுங்கள். பூட்டுவதற்கு முன், நீங்கள் முன்பு ஏற்றிய இயங்குதளச் சாவியையும் நீக்க வேண்டும். அதற்கான பொத்தான் கிராஃபீன்ஓஎஸ்ஸின் அதே நிறுவும் பக்கத்தின் அடிப்பகுதியில் இருக்கிறது. சாவியை நீக்கிய பிறகுதான் பூட்ட வேண்டும்.